உவர்த் தண்ணீர் ஊரில் ஒரு டம்ளர் காப்பி

பட்டிவீரன்பட்டியில் பிறந்தவளுக்குக் காப்பி போடத் தெரியாது என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று கீழ்ப்பழனி மலையில் விளைகிற கொட்டை இறங்கி வருவது எங்கள் ஊருக்குத்தான். அப்பா காப்பிக்கொட்டை காயப்போடும் களத்தில் மேஸ்திரியாக இருந்தார். தை மாதத்தில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, காய்கிற பழத்தின் புளித்த வாசம் தெருமுனைக்கே வந்துவிடும். அது காப்பி வாசம் இல்லை. கொட்டையை வறுத்த பிறகுதான் அந்த வாசம் பிறக்கும். இதெல்லாம் நடக்கப் பழகும் வயதிலேயே எனக்குத் தெரியும் என்ற மிதப்பு எனக்கு உண்டு.

அந்த மிதப்போடுதான் 2006இல், ராமேஸ்வரம் போகிற வழியில் கடலோரத்தில் இருக்கும் மண்டபம் என்ற ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். சீரோடு அம்மா ஒரு பித்தளை பில்டரும் அரைக் கிலோ காப்பித்தூளும் கொடுத்திருந்தார். வந்த மூன்றாம் நாள் காலையில் நானே அடுப்படிக்குப் போய், ஊரில் போடுகிற அதே அளவில் தூள் போட்டு, கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றி, டிகாக்ஷன் இறங்கியதும் பாலில் கலந்தேன். கலந்த மாத்திரத்தில் பால் பொடிப்பொடியாகத் திரிந்து மேலே வந்தது. வடிகட்டி, ஆற்றி, நுரை பொங்கத்தான் கொடுத்தேன். மாமியார் ஒரு மடக்குக் குடித்தார்.

"நன்றாகத்தான் இருக்கிறது தாயி. கொஞ்சம் ஆறட்டும்" என்று டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். அது ஆறி, ஆடை படிந்து, மத்தியானம் வரை அங்கேயே இருந்தது.

நானும் குடித்துப் பார்த்தேன். உப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் காப்பிக்கு உரிய அந்தச் சின்னப் புளிப்பு, நாக்கின் ஓரத்தில் சுள்ளென்று ஒன்று படுமே, அது அடியோடு காணவில்லை. சாம்பலைக் கரைத்தாற்போல் மொண்ணையாக இருந்தது. தூள்தான் பழசு என்று நினைத்து அடுத்த நாள் இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டேன். கசப்பு ஏறியதே தவிர ருசி வரவில்லை. ஒரு வாரத்தில் கால் கிலோ தூள் தீர்ந்தது.

அத்தை எட்டாம் நாள்தான் வாய் திறந்தார். "உன் ஊர்த் தூளை இங்கே கொண்டுவந்துவிட்டாய். உன் ஊர்த் தண்ணீரை எப்படிக் கொண்டுவருவாய்?"

எல்லாமே அதில் அடங்கியிருந்தது. எனக்கு அது உறைக்கத்தான் இரண்டு வருடம் ஆனது.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் பாத்திரம் கழுவத்தான் ஆகும். சோப்புப் போட்டால் நுரைக்காது. பின்னாளில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் மாட்ட வந்த பையன் பேனா போன்ற ஒரு கருவியை அந்தத் தண்ணீரில் முக்கிக் காட்டினான். 2,400 என்று எண் வந்தது. ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகள் அத்தனை மில்லிகிராம் என்று அர்த்தம். குடிநீருக்கு 500 வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது நம் நாட்டுத் தர அளவு. காப்பியை ருசி பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் 150 அளவில் இருக்கிற தண்ணீரைத்தான் நல்லது என்கிறார்கள். நான் பதினாறு மடங்கு உப்பில் டிகாக்ஷன் இறக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். கடின நீரில் இருக்கும் கார உப்புகள் காப்பியின் புளிப்பைத் தின்றுவிடும். அதனால்தான் அந்த மொண்ணை ருசி. பால் திரிந்ததற்கும் இந்த உப்புதான் காரணம். முந்தின நாள் பாலாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அந்தக் கருவி சில நூறு ரூபாய்தான். நானும் ஒன்று வாங்கிவைத்துக்கொண்டு பார்த்த தண்ணீரில் எல்லாம் முக்கிப் பார்த்தேன். காவிரிக் கூட்டுக் குடிநீர் எங்கள் தெருக் குழாயில் வருகிற நாளில் 340. கேன் தண்ணீர் வெறும் 30. கேன் தண்ணீரில் போட்டால் பால் திரியாது, ஆனால் காப்பி வேறு மாதிரி கெடும்: ஒல்லியாக, புளிப்பு தூக்கலாக, அடியில் பிடிமானமே இல்லாமல் இருக்கும். தண்ணீரில் கொஞ்சமாவது உப்புச் சத்து இருந்தால்தான் தூளிலிருந்து சாரம் முழுதாக இறங்கும். இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பங்கு கேன் தண்ணீருக்கு ஒரு பங்கு காவிரித் தண்ணீர். குழாயில் தண்ணீர் வராத நாட்களுக்காக ஒரு பானை தனியாக நிற்கிறது. அதில் யாரும் சொம்பை விடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். மீறுகிறவர் யார் என்றும் எனக்குத் தெரியும்.

ஆனால் இவை எல்லாவற்றையும் விட நல்ல தண்ணீர் பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. என் வீட்டுக்காரருடைய பெரியம்மா வீடு தங்கச்சிமடத்தில். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவு, ஆனால் அவர்கள் வீட்டு மணற்கிணற்றில் ஆள் உயரத்துக்குள் தண்ணீர், இளநீர் மாதிரி. முதலில் பார்த்தபோது எனக்கு இது மாயம் போல இருந்தது. மாயமில்லை. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, உப்புத் தண்ணீரை விட லேசானது என்பதால் அதன் மேலே மிதந்து நிற்கிறது. மோட்டார் வைத்து உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும் என்பதால் பெரியத்தை இன்னும் வாளிதான் போடுகிறார். தமிழ்நாடு முழுக்கப் போகிற மல்லிகை நாற்று தங்கச்சிமடத்தில் வளர்வதும் இந்தத் தண்ணீரில்தான். மலையில் பூ மழை என்று சொல்கிற கோடை மழை பெய்த பின் காப்பிச் செடி ஒரே நாளில் வெள்ளையாகப் பூக்கும்; அந்த வாசமும் மல்லிகை போலத்தான் இருக்கும். பெரியத்தை வீட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அப்பா வேலை பார்த்த மலை நினைவுக்கு வரும். ஊர் ஞாபகத்தில் அழுவதற்குப் பதில் இருபது லிட்டர் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். பாம்பன் பாலத்தில் காற்று அடிக்கிற அடியில் கேனைக் கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்து நடத்துனர் ஒருவர், "ராமேஸ்வரம் தீர்த்தமா அம்மா?" என்று கேட்டார். காப்பிக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அத்தை குடித்தது கருப்பட்டிக் காப்பி. நான் வந்த புதிதில் அதைக் காப்பி என்றே மதிக்கவில்லை. பால் கிடையாது, நுரை கிடையாது, பில்டர் கிடையாது. ஆனால் இந்தத் தண்ணீருக்கு அதுதான் பொருந்தும் என்பதை அந்த வீட்டில் மூன்று தலைமுறை கண்டுபிடித்து வைத்திருந்தது. பால் இல்லாததால் திரியப் பயமில்லை. புளிப்பு போன இடத்தைச் சுக்கு நிரப்பிவிடும். மொண்ணையான தண்ணீருக்குக் கருப்பட்டியின் கருகல் வாசம் ஒரு உடம்பு கொடுக்கும்.

அத்தை செய்வதை அடுப்பருகே உட்கார்ந்து பல நாள் பார்த்திருக்கிறேன். ஓலைக் கொட்டானிலிருந்து ஒரு கருப்பட்டியை எடுத்து, அம்மிக் குழவியால் ஒரே தட்டு. பாதியாகப் பிளந்ததும் உள்பக்கத்தை வெளிச்சத்தில் பார்ப்பார். உள்ளே மினுமினுவென்று சீனிப் பொடி போல மின்னினால் சர்க்கரை கலந்தது என்று ஒதுக்கிவிடுவார். நல்ல கருப்பட்டி மின்னாது, மங்கலாக இருக்கும். துண்டை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு முதலில் வடிகட்டுவார். மணலும் தும்பும் அடியில் கிடக்கும். எவ்வளவு நல்ல கருப்பட்டியானாலும் இந்த வடிகட்டல் தப்பாது. வடித்ததைத் திரும்பக் கொதிக்கவைத்து, தட்டிய சுக்கு ஒரு விரற்கடை, காப்பித்தூள் ஒரு தேக்கரண்டி. தூள் விழுந்ததும் ஒரே ஒரு பொங்கு. உடனே இறக்கி மூடி, "நூறு எண்ணு" என்பார். எண்ணி முடிப்பதற்குள் தூள் அடியில் தங்கிவிடும். நான் அவசரப்பட்டு ஊற்றுகிற நாளில் எல்லாம் பல்லில் தூள் மாட்டும்.

கருப்பட்டியோடு பால் வேண்டும் என்கிறவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொதிக்கவிடக் கூடாது. கருப்பட்டித் தண்ணீர் தனி, பால் தனி. இரண்டையும் அடுப்பிலிருந்து இறக்கி, கை பொறுக்கிற அளவுக்கு ஆறிய பிறகு கலக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்கக் கலந்தால் பத்துக்கு எட்டுத் தடவை திரியும்.

வாங்குகிற காலமும் முக்கியம். பதநீர் மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வாக்கில் ஓய்ந்துவிடும். சாயல்குடிப் பக்கத்திலிருந்து சித்திரை, வைகாசியில் வருகிற கருப்பட்டியை வருடத்துக்கும் வாங்கி அடுப்புப் புகை படுகிற பரணில் வைத்துவிடுவார் அத்தை. ஐப்பசி மழையில் கருப்பட்டி கசியும். கசிகிறதே என்று பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தேன் ஒரு வருடம். உள்ளேயே வியர்த்து, பூசணம் பூத்து, நாலு கிலோ வீண். ஓலைதான் அதற்குச் சரியான உறை.

மழைக்காலத்தில் என் காப்பித்தூளும் அதே கதிதான் அடைந்தது. ஊரிலிருந்து யார் வந்தாலும் அரைக் கிலோ கொண்டுவருவார்கள். வாடைக்காற்று வீசத் தொடங்கினால் இங்கே துவைத்த துணி மூன்று நாள் காயாது. உப்பு ஜாடி தண்ணீர் விடும். தூள் மட்டும் எப்படித் தப்பும்? டப்பாவைத் திறந்து திறந்து எடுத்ததில் இரண்டே வாரத்தில் கட்டி தட்டி, வாசம் போய், நனைந்த அட்டை போல ஆகிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன், அது இன்னும் மோசம். வெளியே எடுத்ததும் டப்பாவின் உட்புறம் வியர்த்துவிடுகிறது. கடைசியில் தூள் வாங்குவதையே விட்டேன். இப்போது ஊரிலிருந்து வறுத்த கொட்டையாகவே வருகிறது. நான்கு சின்ன எவர்சில்வர் டப்பாக்களில் பிரித்து அடைத்து, ஒன்று தீர்ந்த பிறகுதான் அடுத்ததைத் திறப்பேன். கையால் சுற்றுகிற சின்ன இயந்திரத்தில் அன்றன்றைக்கு அரைப்பது. கொட்டை கிடைக்காத மாதத்தில் ராமநாதபுரத்தில் அரைத்துக் கொடுக்கிற கடையில் நூறு கிராம். அதற்கு மேல் ஒரு கிராம் கூட வாங்குவதில்லை.

சிக்கரி பற்றி எனக்குக் கடுமையான கொள்கை இருந்தது. எங்கள் வீட்டில் சிக்கரி கலந்தால் அப்பா சாப்பாட்டில் உட்கார மாட்டார். இங்கே வந்து அந்தக் கொள்கையைத் தளர்த்திக்கொண்டேன். உப்பு கொஞ்சம் தூக்கலான தண்ணீரில் இருபது சதவீதம் சிக்கரி கலந்த தூள் உண்மையிலேயே நன்றாக நிற்கிறது. நிறமும் அடர்த்தியும் கிடைக்கிறது. ஆனால் இருபது என்று தெரிந்து வாங்க வேண்டும். சட்டப்படி காப்பி குறைந்தது 51 சதவீதம் இருந்தால் போதும், மீதி 49 சிக்கரியாக இருக்கலாம். எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்க வேண்டும். எழுத்து பொடியாக இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். சில்லறையாக வாங்குகிற தூளுக்கு ஒரு சோதனை உண்டு. ஒரு கண்ணாடி டம்ளர் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை தூளைத் தூவினால் காப்பி மிதக்கும். சிக்கரி சட்டென்று இறங்கும், இறங்குகிற வழியெல்லாம் பழுப்புக் கோடு இழுக்கும். சுத்தக் காப்பி என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்த தூளை இப்படிப் போட்டபோது டம்ளருக்குள் மழையே பெய்தது. திரும்பப் போய்ச் சண்டை போடவில்லை. அந்தக் கடைப் பக்கமே போவதில்லை, அவ்வளவுதான்.

பில்டர் துவாரம் அடைவது இந்த ஊருக்கே உரிய தொல்லை. மற்ற ஊர்களில் தூள் மட்டும்தான் அடைக்கும். மேல் பாத்திரத்தை அடுப்பு நெருப்பில் காட்டினால் கருகி உதிர்ந்துவிடும். இங்கே வெள்ளையாக உப்புப் படிவமும் சேர்ந்து அடைக்கிறது. அதற்கு நெருப்பு உதவாது. புளித் தண்ணீரையோ எலுமிச்சைச் சாற்றையோ வெந்நீரில் கலந்து இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டு, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். எல்லாத் துவாரத்திலும் வெளிச்சம் தெரிய வேண்டும். அம்மா கொடுத்த பித்தளை பில்டரை இப்படிப் புளி போட்டுத் தேய்த்தே உள்ளே பூசியிருந்த ஈயத்தைப் போக்கிவிட்டேன். ஈயம் பூசுகிறவர் வருவது இப்போது அபூர்வம். பித்தளை அலமாரியில் இருக்கிறது, எவர்சில்வர் அடுப்படியில் இருக்கிறது.

ஒரு நாள் மாலை என் காப்பிப் பெருமையை நான் அளந்துகொண்டிருந்தபோது அத்தை சொன்னார்: "எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் காப்பி பறிக்கப் போனவர்தான்." மலைக்கா என்றேன். கடலுக்கு அந்தப் பக்கம் கை காட்டினார்.

தேயிலைக்கு முன்னால் இலங்கையின் கண்டிச் சீமையில் இருந்தது காப்பித் தோட்டம். ராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து ஆட்கள் இந்தக் கரைக்கு நடந்து வந்து, தோணியில் மன்னார் போய், அங்கிருந்து காட்டு வழியே நடந்து மலை ஏறியிருக்கிறார்கள். பழம் பறிக்கிற சில மாதம் வேலை, முடிந்ததும் திரும்பி ஊருக்கு. வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் ஏராளம். 1869இல் இலைத்துரு நோய் அங்கே கண்ணில் பட்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் காப்பி அழிந்து, தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. 1914இல் பாம்பன் ரயில் பாலம் வந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டபோது போனவர்கள் தேயிலைக்குத்தான் போனார்கள். அவர்களை நோய்க்காகத் தடுத்துவைத்துச் சோதித்த முகாமின் பெயரில்தான் மண்டபம் முகாம் ரயில் நிலையம் இன்றும் இருக்கிறது. நான் பஸ்ஸில் தினம் கடக்கிற பெயர்ப் பலகை அது. போன பாட்டன் திரும்பி வந்தாரா என்று கேட்டேன். "வந்ததால்தானே நான் இருக்கிறேன்" என்றார் அத்தை. ஆனால் அவர் தோட்டத்தில் காப்பி குடித்ததாக யாரும் சொன்னதில்லையாம். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் பட்டிவீரன்பட்டிப் பெருமை பேசவில்லை.

காப்பியைக் குறைக்க வேண்டி வந்ததும் அத்தையால்தான். அவருக்கு இரத்தசோகை. கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை ஆறு மாதம் தவறாமல் விழுங்கியும் அளவு ஏறவில்லை. வீட்டுக்கு வந்த கிராம செவிலியர், மாத்திரை சரியில்லையா என்றெல்லாம் பார்க்காமல், "எதோடு போடுகிறீர்கள் அம்மா?" என்று ஒரே கேள்வி கேட்டார். அத்தை கருப்பட்டிக் காப்பி டம்ளரைக் காட்டினார். காப்பியும் தேநீரும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்பின் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மாத்திரை இப்போது நெல்லிக்காய்ச் சாற்றோடு. ராத்திரிக் காப்பியும் நின்றது. அத்தைக்குப் பக்கத்து வீட்டு அக்கா, நாங்கள் லாத்தா என்று கூப்பிடுகிறவர், கொடுத்தனுப்புகிற சுக்கு மல்லிக் காப்பிதான் அந்த நேரத்துக்கு. சுக்கு, மல்லி, மிளகு, திப்பிலி, கருப்பட்டி. பெயர்தான் காப்பி, தூள் ஒரு சிட்டிகை கிடையாது. எனக்கும் மாலை ஐந்து மணிக்கு மேல் குடித்தால் பன்னிரண்டு மணி வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாகிறது. முப்பது வயதில் இப்படி இல்லை.

வீட்டுக்காரர் ஐஸ் கம்பெனியில் கணக்கர். விசைப்படகு கடலுக்குப் போகிற நாட்களில் அவருக்கு விடியற்காலை மூன்று மணிக்கு வேலை. கோயில்வாடிப் பக்கத்துக் கடையில் நின்றபடியே ஒரு கண்ணாடி டம்ளர், அதோடு சரி. அவரை ருசித்துக் குடிக்கவைக்க நான் எடுத்த முயற்சி எதுவும் பலிக்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஐஸுக்கும் வேலையில்லை. ஒரு தடைக்காலத்தில் சும்மா இருக்க முடியாமல் பில்டரை அவரே கையில் எடுத்தார். கணக்கர் அல்லவா, தூளைத் தராசில் நிறுத்தார். இருபது கிராம் தூளுக்கு 150 மில்லி தண்ணீர். கொதித்து இறக்கி அரை நிமிடம் விட்டு ஊற்றுவது. முதலில் தூள் நனைகிற அளவு மட்டும், பிறகு மீதி. இருபத்தைந்து நிமிடம் தொடக் கூடாது. தட்டை அழுத்தக் கூடாது, தூள் மேல் சும்மா உட்காரவைத்தால் போதும் என்பது அவர் கண்டுபிடிப்பு. நான் இருபது வருடமாக அழுத்திக்கொண்டிருந்தேன். அவர் போட்டது என்னுடையதை விட நன்றாக இருந்தது. இதை அவரிடம் சொல்லவில்லை. ஆனால் தடைக்காலம் முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைக் காப்பி அவர் பொறுப்பு என்று விட்டுவிட்டேன். டிகாக்ஷனை ஒருபோதும் நேரே அடுப்பில் சூடாக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைப்பதையும், பாலை ஒரு முறைக்கு மேல் பொங்கவிடாமல் இருப்பதையும் மட்டும் நான் சொல்லிக்கொடுத்தேன். அந்த அளவுக்காவது மேஸ்திரி மகள் என்ற பெயர் மிஞ்சட்டும்.

சென்ற வைகாசியில் அம்மா வந்து ஒரு வாரம் தங்கியிருந்தார். முதல் இரண்டு நாள் அத்தையின் டம்ளரை எட்டிப் பார்த்ததோடு சரி. மூன்றாம் நாள் காலை எழுந்து வந்தபோது இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து நூறு எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குப் புறப்படும்போது அம்மாவின் பையில் ஒரு கொட்டான் கருப்பட்டி இருந்தது. பாலோடு சேர்த்துக் கொதிக்கவிடாதே என்று பஸ் கிளம்புகிற வரை சொன்னேன். மறுநாள் காலை ஆறரைக்குப் போன் வந்தது.

"பால் திரிந்துவிட்டதே?"

"இறக்கி ஆறவைத்துத்தானே கலந்தாய்?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"உன் அத்தை எழுந்துவிட்டாரா? அவரிடம் கொடு, நான் அவரிடமே கேட்டுக்கொள்கிறேன்."